நாற்பத்தெட்டரை

பாளையங்கோட்டையில் எனக்கு ஷிஃப்ட் போட்ட வருஷம்
கோவிலுக்கும் சப்-ஸ்டேஷனுக்கும் நடுவில்
ஒரு மதில், ஒரு வாதாமரம்.
அந்தப் பக்கம் ஆர்கன்.
இந்தப் பக்கம் நான்.

துருத்தி மிதிக்கிற பெட்டி இல்லை அது.
கப்பலில் வந்த கரண்ட் ஆர்கன்.
வயிற்றுக்குள் தொண்ணூறு சொச்சம் சக்கரங்கள், ஒரே மோட்டார்.
முதல் சுவிட்சை எட்டு எண்ணும்வரை பிடிக்கணும்,
அப்புறம்தான் இரண்டாவது.
தூங்குகிறவனைப் புரட்டிப் போட்டால் வருமே
அப்படி ஒரு முனகல் எழும்.

பக்கத்தில் இடுப்புயர மரப்பெட்டி.
உள்ளே ஒரு கொம்பு சுற்றிச் சுற்றி
சத்தத்தை நாலு மூலைக்கும் வீசும்.
மெதுவாய்ச் சுற்றினால் ஆற்றில் துணி அலசுவது போல;
வேகம் கூட்டினால்
மதிலுக்கு இந்தப் பக்கம் டீ கிளாஸ் வைத்த கை நிற்கும்.
விரல் பட்டதும் 'டக்'கென்று ஒரு பிசிறு.
கோளாறு என்பார்களாம் ரிப்பேர்காரர்கள்.
எனக்கு அது கேட்டால்தான்
ஆள் வந்தாச்சு என்று அர்த்தம்.

புளோரா ஜெபக்கனி டீச்சர் முதல் தடவை போன் போட்டது
ஒரு டிசம்பர் சாயங்காலம்.
"சார், இன்னிக்கு எத்தனை?"
எனக்கு விளங்கலை.
"சைக்கிள் சார். அம்பது இருக்கா?
வயலின்காரங்க ரெண்டு பேரு நிக்காங்க,
சுருதி சேர மாட்டேங்குது."

வாரியம் ஐம்பது தந்தால் ஆர்கன் தன் சுருதியில் நிற்கும்.
நாற்பத்தெட்டரை என்றால்
அரைச்சுரத்தில் பாதி கீழே.
சங்கரன்கோவில் மிளகாய்த் தோட்டங்கள்
தண்ணீர் இழுக்கிற நேரத்தில்
பாடகர் குழு மொத்தமும் தெரியாமலே இறங்கும்.
வள்ளியூர்க் கிணறுகள்தான்
தன் ஆமெனைப் பிடித்து இழுக்கின்றன என்று
ஐயரவாளுக்கு யார் சொல்வது?

எங்கள் மீட்டருக்கும் நாக்குகள் உண்டு,
வரிசையாய், எஃகில்.
கரண்ட் எந்த எண்ணில் நிற்கிறதோ
அந்த நாக்கு துடிக்கும்.
"நாப்பத்தெட்டரை, டீச்சர்."
"சரி சார்." பிறகு வாயைத் திருப்பி,
"ஏலே தர்மராஜ், கம்பியக் கொஞ்சம் எறக்கு."
அவ்வளவுதான் பேச்சு.
பதினோரு வருஷம்.
நேரில் பார்த்தது மூன்று தடவை இருக்கலாம்;
ஒரு தடவை மார்க்கெட்டில், கையில் சாளை மீனோடு.

கரண்ட் போனால் கேட்கணும் அதை.
சட்டென்று நிற்காது.
சக்கரங்கள் ஓய ஓய
பாட்டு படியிறங்கிப் படியிறங்கி
கிணற்றுக்குள் போய்விடும்.
பிள்ளைகள் சிரிக்கும்.

ஒரு முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி.
மதுரையிலிருந்து உத்தரவு: ஃபீடரை உடனே ஆஃப் பண்ணு.
மணி பதினொன்று ஐம்பத்தேழு.
பிரேக்கரில் என் கை.
நாற்பத்தெட்டுக்கும் கீழே நாக்கு துடிக்கிறது.
அந்தப் பக்கம் மூன்றாம் சரணம்.
நான்காவது ஒன்று உண்டென்று எனக்குத் தெரியும்.
நின்றேன்.
நான்காம் சரணம், மணியோசை,
ஸ்தோத்திரம், இன்னும் ஒரு ஸ்தோத்திரம்.
இந்த வருஷத்தில் ஆஃப் பண்ணிவிட்டு
போன வருஷத்தில் பண்ணியதாக எழுதினேன்.
23.57. ஆபரேட்டர் மந்திரமூர்த்தி, கையெழுத்து.

மறுநாள் போன் வந்தது.
எத்தனை என்று கேட்கவில்லை.
"கேக் குடுத்துவிட்டிருக்கேன் சார்.
கேட்ல வாங்கிக்கிடுங்க."

இப்போது கரண்ட் ஐம்பதை விட்டு அசைவதில்லை.
கோவிலில் கைக்கடக்கமாய் ஒரு கீபோர்டு,
அதில் 'ஆர்கன்' என்று ஒரு பட்டன்.
எட்டு எண்ண வேண்டாம்.
அந்தப் பிசிறைக்கூட உள்ளே வைத்திருக்கிறார்கள்,
போய்க் கேட்டேன்.
ஒரு குறையும் சொல்ல முடியாது.
எவன் எங்கே தண்ணீர் இறைத்தாலும்
அதற்கு ஒன்றுமில்லை.

டீச்சர் பெங்களூரில் மகனோடு என்கிறார்கள்.

ராத்திரி எங்கள் வீட்டு பிரிட்ஜ் முனகத் தொடங்குகிறது.
இருட்டில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு,
"நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பது" என்கிறேன்.
சண்முகவடிவு புரண்டு படுக்கிறாள்.
"யாருகிட்ட பேசுதிய?"